செட்டு நல்லாத்தான் இருக்கு

விமானத்தின் முதுகில் ஆன்டெனா உட்காரும் இடத்தில் பெயின்ட் இருக்கக் கூடாது. தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டிவிட வேண்டும். ஆன்டெனாவின் அடியும் விமானத்தின் உடம்பும் நேராகத் தொட்டுக்கொண்டால்தான் உள்ளே பேசுவது ஒழுங்காக வெளியே போகும், வெளியே பேசுவது உள்ளே வரும். நடுவில் தாள் கனத்துக்குப் பெயின்ட் நின்றாலும் போச்சு. மேலே போனவன் ஒரு பக்கம் கத்துவான், கீழே இருப்பவன் ஒரு பக்கம் கத்துவான், இரண்டும் சேராது.

வயரக்கா ஏணியில் நின்று உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கண்ணாடி மாதிரி இருந்த இடத்தைத்தான் தேய்த்தாள். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை.

"அண்ணி, இன்னும் தேச்சீங்கன்னா ஓட்டை விழுந்து நான் வெளிய தெரிவேன்" என்று விமானத்தின் வயிற்றுக்குள்ளிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான். அவன் என்ஜின் மெக்கானிக். உள்ளே மல்லாந்து படுத்து, ஆன்டெனாவின் நட்டு சுற்றாமல் ஸ்பானரால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நட்டையும் பிடி, வாயையும் பிடி."

"ரெண்டையும் பிடிக்க எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. மூக்குல வேற மருந்து வாசனை."

பயிருக்குப் பூச்சிமருந்து தெளிக்கிற விமானம் அது. எத்தனை கழுவினாலும் அந்த வாசனை போகாது. கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் டக் டக்கென்று நெளிந்தது. வெளியே ஓடுபாதை, அதன் மறுகோடியில் கண்ணாடி அறை வைத்த டவர், அதற்கப்பால் கண்ணுக்கெட்டின மட்டும் வயல். பயிரில் புழு விழுந்திருந்தது. மேற்கே மேகம் ஓரமாக வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் தெளித்தால்தான் உண்டு. மழை வந்துவிட்டால் மருந்து மண்ணுக்குப் போகும், பயிர் புழுவுக்குப் போகும்.

முதலாளி டீ கிளாஸோடு வந்து ஏணிக்குக் கீழே நின்றார். அவரிடம் இருப்பது இரண்டே விமானம். மருந்தடிக்கிற மஞ்சள், ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வெள்ளை. மஞ்சளுக்குப் போன மாதம்தான் புதுப் பெயின்ட் அடித்திருந்தார். அவள் சுரண்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் தன் தோலையே சுரண்டுவது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

"ஏம்மா, மறுபடியும் சொரண்டுறியா?"

"பெயின்ட் வேணுமா சார், பேச்சு வேணுமா?"

"ரெண்டும் வேணும்மா. ரெண்டுக்கும்தான் செலவு பண்றேன். பெயின்ட் இருக்கு. பேச்சு எங்க? காலைல டவர்க்காரர் போன் பண்ணிட்டாரு. மஞ்சள்ல இருந்து வர்ற கொரல் கரகரன்னு ஒடையுதாம், ஒரு எழவும் புரியலையாம். உன் வீட்டுக்காரர் வந்து டவர் பேசுறது எனக்குக் கேக்கலைங்கறாரு. செட்டப் போட்டது நீ. நான் யாரைக் கேக்கறது?"

"செட்டு நல்லாத்தான் இருக்கு சார்."

"போன தடவையும் இதத்தான் சொன்ன."

"போன தடவையும் நல்லாத்தான் இருந்துச்சு."

முதலாளி டீயை ஒரே மடக்கில் குடித்தார். "இன்னொரு கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா வெளியாளக் கூப்பிட்டுருவேன். அவன் வந்து உன் வயரையெல்லாம் உருவிப் போட்டுட்டு புதுசா இழுப்பான். அப்புறம் உனக்கு இங்க வேலை இல்ல. மொகத்துக்கு நேரா சொல்லிட்டேன். வருத்தப்படாத."

"வருத்தமெல்லாம் இல்ல சார். கிளாஸ ரெக்கை மேல வைக்காதீங்க, கறை படியும். புதுப் பெயின்ட்."

அவர் போன பிறகு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கொட்டகையில் அவள் கைபடாத வயர் கிடையாது. அதனால்தான் பெயரே வயரக்கா என்று ஆகிப்போனது. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். மஞ்சளை ஓட்டுவது அவள் புருஷன். ஊரெல்லாம் கேப்டன் என்று சொல்லும். அவர் பேசுவதும் கேட்பதும் அவள் போட்ட செட்டு வழியாகத்தான். வேறு எவன் என்ன சொன்னாலும் தட்டிவிட்டுப் போயிருப்பாள். செட்டு சரியில்லை என்று சொல்வது அவராக இருந்ததுதான் முள்ளாகக் குத்தியது.

என்னதான் பார்க்காமல் விட்டாள்? கேபிளை முழுசாக மாற்றியாகிவிட்டது. நுனியில் உள்ள கனெக்டரை வெட்டிப் புதிதாக அழுத்தியாகிவிட்டது. மைக், ஹெட்செட், ஓட்டுகிற கம்பியில் இருக்கும் பேசுகிற பட்டன் எல்லாம் புதுசு. அனுப்புகிற பவரை மீட்டர் வைத்துப் பார்த்தால் முள் நிற்க வேண்டிய இடத்தில் சொன்னபடி நிற்கிறது.

கடைசியில், மறுநாள் காலையில் ஒரு வேலை செய்தாள். மஞ்சளில் இருந்த செட்டைக் கழற்றி வெள்ளையில் போட்டாள், வெள்ளையில் இருந்ததை மஞ்சளில் போட்டாள். ஒரே மாடல்தான். தட்டுக்குள் தள்ளி முன்னால் இருக்கும் ஸ்க்ரூவை முறுக்கினால் பின்னால் பின்னெல்லாம் தானாகக் கவ்விக்கொள்ளும். கோளாறு செட்டில் என்றால் செட்டோடு போக வேண்டும்.

சாயந்திரம் வெள்ளையை ஓட்டிவிட்டு வந்தான் மீசை. கற்றுக்கொடுக்கிற பைலட். மீசை முளைக்கவே இல்லை என்பதால் வைத்த பெயர்.

"செட்டு எப்படிடா?"

"சூப்பர் வயரக்கா. டவர்க்காரர் மூக்கு உறிஞ்சுறதுகூடக் கேக்குது."

"அது மஞ்சள்ல இருந்த செட்டு."

"அப்படியா? மஞ்சள்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. அன்னிக்குப் பெயின்ட் அடிச்சுக் கொண்டாந்தப்ப மஞ்சள நான்தான ஓட்டிட்டு வந்தேன். ஹெட்செட்ட மாட்டினதும் காதே கிழிஞ்சிடுச்சுக்கா. சவுண்ட் குமிழ் கடைசி வரைக்கும் திருகி வச்சிருக்கு. கேப்டன் என்ன, பக்கத்து ஊருக்கும் சேத்துக் கேக்குறாரா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவள் மஞ்சளின் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். வெள்ளையிலிருந்து வந்த செட்டு. காலையில் அவள் போடும்போது குமிழைப் பாதியில் வைத்திருந்தாள். இப்போது அது கடைசிக்குப் போய், அதற்குமேல் திருக வழியில்லாமல் நின்றது.

அன்றைக்கும் அவர் இறங்கி வந்து, "செட்டு சரியில்ல" என்றுதான் சொன்னார்.

வீட்டில் ரொட்டியும் முட்டையும் வேகவைத்த உருளைக்கிழங்கும். காலேஜுக்குப் போகிற மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீயே கேளு. டிவிய வைக்கிறாரு பாரு, பக்கத்து வீட்டு அங்கிள் நம்ம நியூஸக் கேட்டுட்டு அவங்க டிவிய நிறுத்திட்டாராம்."

"அப்பாகிட்ட கம்மி பண்ணச் சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். பின்னாடி நின்னு ரெண்டு தடவ சொன்னேன். திரும்பக்கூட இல்ல. அவர் வர வர என்ன மதிக்கறதே இல்லம்மா."

தட்டை வைத்துவிட்டு அவள் புருஷனைப் பார்த்தாள். நாற்காலியை எப்போதும்போல இவள் முகத்துக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமான புதிதில் இருந்த பழக்கம் திரும்பி வந்துவிட்டது என்று இத்தனை நாள் உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது அவளுக்கு. இப்போது உருளைக்கிழங்கைத் தட்டிலேயே நசுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முற்பகல், காற்று ஓங்கியதால் தெளிப்பை நிறுத்தியிருந்தார்கள். அவள் அவரிடம் போய், "செட்ட ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். என்ஜினப் போட்டுட்டு உக்காருங்க. நான் பட்டறைல இருந்து பேசுறேன்" என்றாள்.

மஞ்சள் கொட்டகைக்கு முதுகைக் காட்டி நின்றது. கொழுந்தன் காதில் அடைப்பு மாட்டிக்கொண்டு சக்கரத்துக்குக் கட்டை வைத்து ஓரமாக நின்றான். என்ஜின் பிடித்துப் புழுதி கிளப்பியது. பட்டறை மேசையில் அவள் மட்டும். கைசெட்டை எடுத்து, டெஸ்டுக்கென்றே வைத்திருக்கும் சானலைப் போட்டாள். அதில் டவர் வராது, வேறு யாரும் வர மாட்டார்கள்.

ரேடியோ எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை ஒன்றிலிருந்து அஞ்சு வரைக்கும் நம்பரில் சொல்வார்கள். ஒன்று என்றால் ஒன்றும் புரியவில்லை. அஞ்சு என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி.

"மஞ்சள், மஞ்சள், பட்டறை பேசுறேன். எப்படிக் கேக்குது?"

"அஞ்சு" என்றார் அவர். கத்தினார். குரல் நெரிந்து கரகரவென்று வந்தது. அவள் கைசெட்டைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

பேசுகிறவனுக்குத் தன் குரல் தன் ஹெட்செட்டிலேயே லேசாகத் திரும்பக் கேட்கும்படிதான் செட்டை அமைத்திருப்பார்கள். அது கேட்டால் அளவாகப் பேசுவான். கேட்காதவன் கத்துவான். கத்தினால் எந்த மைக்கும் தாங்காது. டவர்க்காரர் சொன்ன உடைசல் இதுதான். எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது. அவள் மறுபடி பட்டனை அழுத்தினாள்.

"இன்னிக்கு வீட்ல சோறு கெடையாது. பட்டினிதான். கேக்குதா?"

"அஞ்சு. நல்லாக் கேக்குது."

"உங்க பொண்ணு வீட்ட வித்துட்டு சர்க்கஸ்ல சேந்துட்டா."

"அஞ்சு."

இரைச்சல் நடுவில் விட்டு விட்டு ஏதோ வரும்போது யாரோ பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரிகிறது. டெஸ்ட் என்றால் என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும். அதற்குப் பதிலும் தெரியும். அவ்வளவுதான்.

அவள் குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தவும் இல்லை. வீட்டில் பேசுகிற மாதிரியே கேட்டாள். "என்னங்க... எதுவுமே கேக்கலையா?"

"அஞ்சு" என்றார். உடனே, தயங்காமல், தெம்பாக.

அவள் கைசெட்டை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

ஹெல்மெட்டைக் கழுவுகிற குழாயடியில் அவரைப் பிடித்தாள். அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன, செட்டுல ஏதாச்சும் ஆப்டுச்சா?"

அவள் துடைக்கிற துணியால் வாயை மூடிக்கொண்டு பதில் சொன்னாள்.

அவர் முகம் மாறியது. "கைய எடுத்துட்டுப் பேசு" என்றார்.

எடுக்கவில்லை. துணிக்குப் பின்னாலேயே இன்னும் ஏதோ சொன்னாள். அவர் குழாயை மூடினார். அவள் கண்ணையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் துணியை இறக்கினாள்.

"எவ்ளோ நாளா?"

"என்ன எவ்ளோ நாளா?"

"நடிக்காதீங்க. உங்களுக்கு வராத ஒரே வேலை அதுதான்."

அவர் சுவரோரம் உட்கார்ந்தார். "போன சீசன்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா. அந்த என்ஜின் பக்கத்துல இத்தன வருஷம் உக்காந்தா யாருக்குத்தான் ஆகாது?"

"மெடிக்கல்ல எப்படி விட்டாங்க?"

"டாக்டர் எதுக்க உக்காந்து பேசினாரு. உதட்டப் பாத்தேன், பதில் சொன்னேன்."

"ரேடியோவுக்கு உதடு ஏது?"

"டவர்க்காரன் அப்படி என்ன புதுசா சொல்லிடப் போறான்? போ, வா, நில்லு, எறங்கு. இத்தன வருஷமா அதேதான். பாதி வந்தாப் போதும், மீதிய நானே போட்டுக்குவேன்."

"ஒரு நாள் அவரு வேற சொன்னா?"

"செட்டே இல்லாமப் பறந்தவன்டி நான். டவர்ல வெளக்கு இருக்கு. பச்சைன்னா எறங்கலாம், செவப்புன்னா சுத்தணும், தரையில ஓடும்போது வெள்ளைய மின்னினா கெளம்பின எடத்துக்கே திரும்பணும். வெளக்குக்குக் காது வேணாம்."

"அது செட்டு செத்துப்போனவனுக்கு. நல்ல செட்ட எதுக்க வச்சுக்கிட்டு வெளக்கு பாக்கறவனுக்கு இல்ல. செட்டு செத்துடுச்சுன்னு தெரிஞ்சாத்தான் டவர்க்காரர் வெளக்கையே எடுப்பாரு. நீங்க எல்லாத்துக்கும் அஞ்சு அஞ்சுன்னா அவரு எதுக்கு எடுக்கப்போறாரு?"

அவர் குரலை இறக்கினார். இறக்கியதாக நினைத்துக்கொண்டார், கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும். "மழை வர்ற வரைக்கும் செட்டுதான் கோளாறுன்னு சொல்லிடு. ஏதோ பார்ட்டு வரணும், வந்தா சரியாயிடும்னு சொல்லு. சீசன் முடியட்டும், நானா எறங்கிக்கிறேன். அதுவரைக்கும் எனக்காக இந்த ஒரு பொய்."

"உங்களுக்காக எத்தனையோ சொல்லிருக்கேன். உங்க அக்கா வீட்டு விசேஷத்துக்கெல்லாம் எனக்கு வயித்து வலி வந்ததா? உங்களுக்குப் போகப் பிடிக்கல, வலி எனக்கு. கொறஞ்சது பத்து வயித்து வலி. அதெல்லாம் நம்ம வீட்டோட போச்சு. இது அப்படியில்ல. மேல வெள்ளையில மீசை சுத்திக்கிட்டு இருக்கான், பக்கத்துல ஓட்டக் கத்துக்க வந்த இன்னொரு உசுரு. டவர் உங்கள நில்லுன்னு சொல்லி, நீங்க போன்னு போட்டுக்கிட்டா?"

"இதுவரைக்கும் ஒன்னும் ஆகலையே."

"ஆகறதுக்கு ஒரு தடவை போதும்."

"நீ என்னத் தரையில உக்கார வைக்கப் பாக்குற."

"நான் எதுக்கு வைக்கணும்? உங்க காது வச்சாச்சு. நீங்கதான் இன்னும் எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுறீங்க."

அவர் எழுந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "போ. போய் முதலாளிகிட்ட சொல்லு. கேப்டனுக்குக் காது செவிடுன்னு மைக் போட்டுச் சொல்லு. நான் நாளைக்கும் பறப்பேன், நாளன்னைக்கும் பறப்பேன். எவன் தடுக்கறான்னு பாத்துடறேன்."

"நான் சொல்ல மாட்டேன். அது உங்க வாயில இருந்து வரணும். ஆனா ஒன்னு. நான் போட்ட செட்ட, நல்லாருக்கற செட்ட, கெட்டதுன்னு எவன் கேட்டாலும் சொல்ல மாட்டேன். வேலை போனாலும் சரி. நீங்க ஒரு வருஷம் பேசாம இருந்தாலும் சரி."

"வேலை போகத்தான் போகுது."

"போகட்டும். எங்கயாவது மிக்சி ரிப்பேர் பண்ணிட்டுப் போறேன். மிக்சி புருஷன் மாதிரி பழிய எம்மேல போடாது."

அன்றைக்கு வீட்டில் டிவி ஓடவில்லை. மகள் இருவரையும் பார்த்துவிட்டு, "என்ன, கரண்ட் இல்லையா?" என்றாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒருவருக்குக் கேட்கவில்லை, ஒருவருக்குச் சொல்ல மனசில்லை.

விடிந்தபோது மேகம் பாதி வானத்துக்கு வந்திருந்தது. காற்று மட்டும் அடங்கியிருந்தது. முதலாளியின் போன் ஓயாமல் அடித்தது. எல்லா வயல்காரர்களும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டார்கள் போல. பட்டறை மேசையில் செட்டு உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் சாயந்திரமே அவள் மஞ்சளிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"ஏம்மா, இது எதுக்கு இங்க இருக்கு?" முதலாளிக்கு மூச்சு வாங்கியது. "வெளியாளுக்குச் சொல்லியாச்சு, மத்தியானம் வந்துருவான். அதுவரைக்கும் ஏதோ ஒன்ன மாட்டி அனுப்பு. செட்டு கோளாறுதான், தப்பு என்னுதுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. டவர்க்காரருக்கும் பதில் சொன்ன மாதிரி ஆகும். நானும் பழைய ஆளாச்சேன்னு உன்னக் கொஞ்ச நாள் வச்சுக்கறேன்."

"செட்டு நல்லாத்தான் இருக்கு சார்."

"அப்ப எதும்மா கெட்டுப் போயிருக்கு?"

கேப்டன் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். முதலாளியின் உதட்டைப் பார்த்தார், பிறகு அவள் உதட்டைப் பார்த்தார்.

"அத நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

"நீ சொல்ல மாட்டன்னா நான் சொல்றேன். உன் வேலைதான் கெட்டுப் போயிருக்கு. கணக்க முடிச்சுக்கிட்டுக் கெளம்பும்மா."

"கெளம்புறேன். போட்டுட்டுக் கெளம்புறேன். நான் போட்டது நல்லாருக்குன்னு எல்லாரும் கேட்டப்புறம்தான் கெளம்புவேன்."

செட்டைத் தூக்கிக்கொண்டு மஞ்சளுக்கு நடந்தாள். கொழுந்தன் பேசாமல் பின்னால் டார்ச் கொண்டுவந்தான். தட்டுக்குள் தள்ளினாள், ஸ்க்ரூவை முறுக்கினாள், பின் கவ்வுகிற அந்தச் சின்ன நொறுக் சத்தம் கேட்டது. குமிழைப் பாதியில் வைத்தாள். டவர் சானலைப் போட்டு மைக்கை உதட்டோரம் பிடித்தாள்.

"டவர், மஞ்சள்ல இருந்து டெஸ்ட். எப்படிக் கேக்குது?"

கொட்டகைச் சுவரில் எப்போதும் டவர் சானலுக்குத் திறந்தே கிடக்கும் ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. அடுத்து டவர்க்காரர். "அஞ்சு வயரக்கா, அஞ்சு. உங்க வீட்டுக்காரர் பேசினா மட்டும் ஏன்க்கா கரகரங்குது?"

முதலாளி ஸ்பீக்கரையும் அவளையும் பார்த்தார். என்னவோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் கேப்டன் விடுவிடுவென்று போய் உள்ளே ஏறிவிட்டார். ஹெல்மெட்டை மாட்டினார். என்ஜின் பிடித்தது. கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான். கேப்டன் கட்டையை எடுக்கச் சொல்லிக் கைகாட்டினார். அவன் எடுத்தான். மஞ்சள் மெல்ல நகர்ந்தது.

ஸ்பீக்கரில் டவர் வந்தது. "மஞ்சள், அங்கயே நில்லு. வெள்ளை எறங்கப் போகுது, பாதைய விட்டு வர்ற வரைக்கும் நில்லு."

மஞ்சள் நிற்கவில்லை. "சரி, போறேன்" என்று கரகரத்தது ஸ்பீக்கர்.

மழைக்கு முந்தின காலைகளில் டவர் எப்போதும் போ என்றுதான் சொல்லும்.

அவள் ஓடினாள். இறக்கையைச் சுற்றி, முன்னால் சுற்றும் விசிறியின் காற்றுக்கு விலகி, ஓடுபாதைக்குப் போகும் வழியில் மூக்குக்கு எதிரே எட்டமாய்ப் போய் நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பெருக்கல் குறி மாதிரி வைத்தாள். நில். விமானக்காரன் எவனுக்கும் தெரிந்த சைகை. புடவை முந்தானை காற்றில் படபடத்தது. பின்னால் முதலாளி, "ஏம்மா, பைத்தியமா உனக்கு, வழிய விடு!" என்று கத்தினார். அவள் திரும்பவில்லை.

மஞ்சள் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் கையை வீசி ஒதுங்கச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். மறுபடி வீசினார். அவள் கை மேலேயே இருந்தது. வேண்டுமானால் என்மேல் ஏற்றிக்கொண்டு போ என்கிற மாதிரி இருந்தது நின்ற நிலை.

அப்போதுதான் அவள் தலைக்கு மேலே, கொஞ்சம் தள்ளி, வெள்ளை விமானம் தாழ்ந்து வந்து ஓடுபாதையில் சக்கரம் வைத்தது. அது தன் முன்னால் உருண்டு போவதை கேப்டன் பார்த்தார். கழுத்தைத் திருப்பி, கடைசி வரைக்கும் பார்த்தார். மீசை உள்ளேயிருந்து ஒன்றும் தெரியாமல் கையாட்டிவிட்டுப் போனான்.

கேப்டனின் கட்டைவிரல் பட்டனுக்குப் போனது.

"டவர், மஞ்சள்." ஸ்பீக்கர் அதிர்ந்தது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் மாதிரி நிறுத்தி, மைக்கை உதட்டிலிருந்து தள்ளி வைத்து, குரலைக் குறைத்து ஆரம்பித்தார். உடைசல் போய்விட்டது. மனுஷன் குரல் வந்தது.

"மஞ்சள் பேசுறேன். கேக்கறவன் எல்லாம் கேட்டுக்குங்க. இந்த செட்டு நல்லாருக்கு. ஆரம்பத்துல இருந்தே நல்லாருக்கு. எம் பொண்டாட்டி போட்டது. எனக்குத்தான் காது கேக்கல. நீங்க இப்ப பதில் சொன்னாலும் கேக்காது, அதனால செரமப்படாதீங்க. இதச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமும் இல்ல, பயமும் இல்ல. எவனாவது சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க, அதுவும் எனக்குக் கேக்காது. ஆனா வயரக்கா போட்ட செட்டு சரியில்லைன்னு இனிமே எவனாவது சொன்னான்னா, அது மட்டும் எனக்குக் கேக்கும்."

கொட்டகையில் கொழுந்தன் காதடைப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஸ்பீக்கரில் டவர்க்காரர் தொண்டையைச் செருமினார். "மஞ்சள்... அஞ்சு. சுத்தமா அஞ்சு." பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கண்ணாடி அறையிலிருந்து ஒரு வெள்ளை வெளிச்சம் மின்னியது. மறுபடி மின்னியது. கிளம்பின இடத்துக்கே திரும்பு.

கேப்டன் வெளிச்சத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் குறுக்கே வைத்திருந்த கைகளை இறக்கினாள். தோள் வலித்தது. வலது கையை மட்டும் மறுபடி தூக்கி, அஞ்சு விரலையும் விரித்துக் காட்டினாள்.

மஞ்சள் மெதுவாகத் திரும்பிக் கொட்டகைக்கு வந்தது. முதலாளி பாதி வழியில் அவளைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா இது. முதல்லயே சொல்லிருக்கலாமே எங்கிட்ட."

"சொல்ல வேண்டியதத் தெனமும் சொன்னேன் சார். செட்டு நல்லாருக்குன்னு."

"அது சரி... இப்ப மருந்தடிக்க யாரு போறது?"

"மீசைய அனுப்புங்க. மஞ்சளும் அவன் ஓட்டினதுதான. மத்தியானம் வர்ற வெளியாளுக்கு போன் பண்ணி, டீ மட்டும் குடிச்சுட்டுப் போகலாம்னு சொல்லுங்க. என் வயர்ல கைய வைக்கக் கூடாது."

முதலாளி போனைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

அவள் இறக்கையில் கால் வைத்து ஏறிக் கதவைத் திறந்தாள். என்ஜின் நின்று சூடு மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தோளைத் தொட்ட பிறகுதான் முகத்தைத் திருப்பினார்.

"நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். "அங்க உதட்டப் பாக்கற வேலையெல்லாம் வேணாம். கண்ண மூடிட்டு உக்காரணும்."

"நீயும் வர்றியா?"

"வர்றேன். வழிநெடுகக் கத்திப் பேசமாட்டேன், சொல்லிட்டேன்."

"நீ என்னைக்குக் கத்தாமப் பேசின?" என்றார். சிரிப்பு பாதியில் நின்று, மீதி கண்ணுக்குப் போய்விட்டது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. யார் பார்த்தால் என்ன என்கிற மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சவுண்ட் குமிழ் மறுபடி கடைசிக்குப் போயிருந்தது. அவள் குனிந்து அதைப் பாதிக்குத் திருப்பி வைத்தாள். அடுத்து ஏறப்போகிறவன் காது கிழியக் கூடாது.